அளக்காத வாயு, மிதக்கும் ஆலை

மன்னார்க் கடலின் இயற்கை எரிவாயு பற்றி நம்மிடையே எழுதப்படுபவை பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, நாட்டின் கடனெல்லாம் அதில் தீரும் என்கிறது. மற்றது, எல்லாமே அரசியல்வாதிகளின் கதை என்கிறது. இரண்டுக்கும் பொதுவான குறை எடைபோட மறுப்பது. இவற்றுக்கு நடுவே மூன்றாவது வாதமொன்றும் அவ்வப்போது தலைகாட்டுகிறது: கரைவரை குழாய் போட்டுச் செலவழிப்பானேன், கடலிலேயே ஒரு மிதக்கும் ஆலையை நிறுத்தி, வாயுவை அங்கேயே திரவமாக்கிக் கப்பலேற்றி விற்றுவிடலாமே? மலேசியா செய்கிறது, மொசாம்பிக் செய்கிறது, நாமும் செய்யலாம் என்கிறது இந்த வாதம். முதல் இரண்டையும்விட இது மேலானது. சரியா பிழையா என்று சோதித்துப் பார்க்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறது. ஆகவே சோதிப்போம்.

சோதனைக்குமுன் ஒரு குழப்பத்தை விலக்கிவிட வேண்டும். மாத்தளை வீட்டு அடுப்படியில் நிற்கும் சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும். சற்றே அழுத்தம் கொடுத்தால் திரவமாகிவிடும். மன்னாரில் கண்டறியப்பட்டது பிரதானமாக மீதேன். அதைத் திரவமாக்க மறை 162 பாகை செல்சியஸ்வரை குளிர்விக்க வேண்டும். அப்போது கனவளவு 600இல் ஒரு பங்காகச் சுருங்கும். 2022இல் சிலிண்டருக்காகத் தெருவில் நின்ற வரிசைக்கும் மன்னார் வாயுவுக்கும் நேரடித் தொடர்பில்லை. இன்னொன்று, கெரவலப்பிட்டியக் கடலில் நிறுத்துவதாகப் பேசப்பட்டுவந்த கப்பலும் மிதப்பதுதான். ஆனால் அது வெளிநாட்டிலிருந்து வரும் திரவத்தைச் சூடாக்கி மீண்டும் வாயுவாக்கி உள்ளே அனுப்புவது. நாம் எடுத்துக்கொண்டது அதன் மறுதலை, கடலடியிலிருந்து வாயுவை எடுத்துச் சுத்திகரித்துக் குளிர்வித்து வெளியே அனுப்பும் உற்பத்தி ஆலை. முதலாவதில் நாடு வாங்குபவர், இரண்டாவதில் விற்பவர். பத்திரிகைப் பத்திகளில் இரண்டும் ஒரே கப்பலாக வந்துபோவதைக் கண்டிருக்கிறோம்.

வளமொன்றைக் கையாளும் திட்டத்தை மதிப்பிட அளவுகோலை நோர்வேயில் தேட வேண்டியதில்லை. மாத்தளை மாவட்டத்திலேயே இருக்கிறது. பொல்கொல்லையில் மறிக்கப்பட்ட மகாவலி, மலையைக் குடைந்த சுரங்கத்தில் ஏறத்தாழ எட்டுக் கிலோமீற்றர் வந்து உக்குவளை மின்நிலையத்தில் இறங்கிச் சுது கங்கையில் சேர்கிறது. பிறகு அம்பன் கங்கை, போவத்தென்ன, அதற்கும் கீழே நாவுலப் பக்கம் மொரகஹகந்த. உக்குவளையும் போவத்தென்னையும் தலா 40 மெகாவாட், மொரகஹகந்த 25 மெகாவாட். தேசியக் கணக்கில் இவை பெரிய எண்கள் அல்ல. எனக்கு முக்கியமாகப் படுவது திட்டத்தின் முறையியல். 1968இல் வரைந்து முடிக்கப்பட்ட மகாவலிப் பெருந்திட்டம், ஐ.நா. அபிவிருத்தி நிகழ்ச்சித்திட்டத்தினதும் உணவு விவசாய நிறுவனத்தினதும் துணையோடு, ஆறு எவ்வளவு நீர் தரும், எந்த நிலம் அதை வேண்டி நிற்கிறது என்ற இரண்டு கேள்விகளையும் முதலில் கேட்டது. அணையின் வடிவம் அதன்பிறகே வந்தது. பொல்கொல்ல திசைதிருப்பல் 1976இல் இயங்கத் தொடங்கியபோது கணக்கு ஏற்கெனவே கையில் இருந்தது.

அந்தத் திட்டத்தைப் புனிதப்படுத்தவும் வேண்டியதில்லை. 1977க்குப் பிறகு முப்பதாண்டு வேலையை ஆறாண்டுக்குள் அமுக்கியபோது முறை சிதைந்தது. இடம்பெயர்ந்தவர்களின் கணக்கும் இனவிகிதக் குடியேற்றத்தின் கணக்கும் இன்றும் தீரவில்லை. ஆயினும் முதற்கட்டத்தின் தருக்கம் குலையாமல் நிற்கிறது. போவத்தென்னையில் தேங்கும் நீரில் ஒரு பகுதி சுரங்கவழியே கலாவெவப் பக்கம் போகிறது. டர்பைனைத் தொடாமலே போகிறது. மறுபகுதி மின்நிலையத்தின் டர்பைனைச் சுழற்றிவிட்டு எலஹெரப் பக்கம் இறங்குகிறது. எந்தப் பக்கம் எவ்வளவு என்பதைப் பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் முன்னால் பொறியியலாளர்களும் விவசாய அதிகாரிகளும் மின்துறையினரும் ஒரே மேசையில் அமர்ந்து தீர்மானிக்கிறார்கள். தீர்மானம் எல்லோருக்கும் பிடிப்பதில்லை, ஆனால் மேசை இருக்கிறது. அளந்தார்களா, மாற்று வழிகளோடு ஒப்பிட்டார்களா, போட்டியிடும் உரிமைகளைத் தீர்க்க இடம் உண்டா என்ற மூன்றையும் மன்னாரிடமும் கேட்கலாம்.

முதலாவதிலேயே வாதம் தடுமாறுகிறது.

பேசாலையில் 1970களின் நடுவில் சோவியத் உதவியோடு தோண்டிய கிணறுகளையும், 1976, 1981ஆம் ஆண்டுகளின் வெளிநாட்டு முயற்சிகளையும் வாசகர் அறிவார். கணக்கில் எடுக்கவேண்டிய கண்டுபிடிப்பு 2011இல் வந்தது. 2008இல் ஒப்பந்தமான தொகுதியில் கெய்ர்ன் லங்கா நிறுவனம், ஜப்பானின் ஆழ்கடல் ஆய்வுக் கப்பலான சிக்யூவை வாடகைக்கு எடுத்து வந்து தோண்டியது. ஒக்டோபரில் டொராடோ: 1,354 மீற்றர் நீராழம், ஏறத்தாழ 25 மீற்றர் தடிப்பில் வாயுப் படை. நவம்பரில் பராகுடா: 1,509 மீற்றர் நீராழம், கடல்மட்டத்திலிருந்து நான்கு கிலோமீற்றருக்கும் கீழான பாறைகளில் மொத்தம் 24 மீற்றர், கொஞ்சம் திரவ ஐதரோகாபன் வாய்ப்போடு. மூன்றாவது கிணறான டொராடோ நோர்த்தில் எதுவுமில்லை. 2013இல் தோண்டிய நான்காவதிலும் வணிகத்துக்குத் தேறும் வாயு இல்லை. 2015இல் நிறுவனம் விலகிவிட்டது.

நான்கில் இரண்டு என்பது, அதுவும் புதிய படுகையொன்றின் ஆழ்கடலில், மதிக்கத்தக்க விளைவு. அதை அடுத்துச் செய்யாமல் விட்டதை அவ்வாறு மதிக்க முடியாது. வயலின் எல்லை எங்கே முடிகிறது, பாறைக்குள்ளிருந்து வாயு எவ்வளவு வேகமாக வெளியேறும், எத்தனை ஆண்டில் அழுத்தம் இறங்கும் என்பவற்றைச் சொல்லும் மதிப்பீட்டுக் கிணறுகள் தோண்டப்படவில்லை. டொராடோவில் 300 பில்லியன் கன அடி அளவில், இரண்டிலும் சேர்த்து 2 ட்ரில்லியன் கன அடியை ஒட்டி என்று பொதுவெளியில் புழங்கும் எண்கள், நிலநடுக்க அலை வரைபடத்தையும் ஒற்றைக் கிணறுகளையும் வைத்து எட்டப்பட்டவை. அவை பொய் என்பதில்லை. வங்கி கடன் தரும் தரத்தில் நிறுவப்பட்டவை அல்ல, அவ்வளவே.

இந்த வேறுபாடு ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ணுபவர், நமக்கு அயலிலேயே இருக்கும் கிருஷ்ணா கோதாவரிப் படுகையைப் பார்க்கட்டும். ரிலையன்ஸின் கே.ஜி. டி6 தொகுதியில் 2009இல் உற்பத்தி தொடங்கியபோது பிரதான வயல்களில் எடுக்கக்கூடியது 10 ட்ரில்லியன் கன அடி என்று மதிப்பிட்டிருந்தார்கள். உச்சத்தை அடுத்த ஆண்டே தொட்டு உற்பத்தி சரியத் தொடங்கியது. 2012 அளவில் மதிப்பீடு 3 ட்ரில்லியனளவுக்கு இறங்கியது. அந்த வாயுவை நம்பி ஆந்திராவில் எழுந்த மின்நிலையங்கள் எரிபொருளின்றி நின்றன. அங்கே மதிப்பீட்டுக் கிணறுகள் இருந்தன, பெரிய நிறுவனம் இருந்தது, அப்படியும் எண் மூன்றில் ஒன்றாயிற்று. நம்முடைய 2 ட்ரில்லியனுக்கு அத்தனை பாதுகாப்பும் இல்லை.

இனி ஆலையின் பக்கம். மிதக்கும் ஆலைகளின் இதுவரையான வரலாறு குறுகியது, ஆனால் தெளிவான படிப்பினைகள் கொண்டது. மலேசியாவின் பெட்ரோனாஸ் நிறுவனம் 2016இல் சரவாக் கடலில் இயக்கத் தொடங்கிய சத்து, ஆண்டுக்கு 12 இலட்சம் தொன் திரவமாக்கும் கப்பல், உலகின் முதலாவது. 2019இல் அதைக் கழற்றிச் சபா கடலின் வேறொரு வயலுக்கு நகர்த்தினார்கள். அதன் தம்பியான துவா 2021இல் ரோத்தான் வயலில், ஏறத்தாழ 1,300 மீற்றர் ஆழத்தில், 15 இலட்சம் தொன் திறனோடு இயங்கத் தொடங்கியது. டொராடோவின் நீராழத்துக்கு இவ்வளவு நெருங்கிய முன்மாதிரி வேறில்லை. ஆகவே ஆழம் ஒரு தடை என்று சொல்பவர்களின் வாய் அடைபடுகிறது. மொசாம்பிக்கின் கோரல் சூல் 2022 நவம்பரில் முதல் சரக்கை அனுப்பியது. முந்தைய ஆண்டு பால்மா நகரத் தாக்குதலால் கரையில் எழுந்துகொண்டிருந்த பெருந்திட்டம் நின்றுபோயிருந்தது. கரையிலிருந்து விலகி நின்ற கப்பல் தப்பியது. நகரக்கூடியது, கரை அரசியலுக்கு எட்டாதது, காணி சுவீகரிக்க வேண்டாதது, தென்கொரியக் கப்பல்தளத்தில் கட்டி முடித்து இழுத்துவரக்கூடியது: இவை மெய்யான நிறைகள்.

குறைகளும் அதே அளவு மெய். அவுஸ்திரேலியாவின் வடமேற்கில் ஷெல் நிறுத்திய பிரெலூட், 488 மீற்றர் நீளம், ஆண்டுக்கு 36 இலட்சம் தொன் திறன். 2019இல் முதல் சரக்கை அனுப்பிய அது, அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் மின் கோளாற்றால் நின்று ஏறத்தாழ ஓராண்டு கிடந்தது. 2021 டிசெம்பரில் தீவிபத்தும் மின் இழப்பும், 2022இல் தொழிலாளர் போராட்டமும் அதை மீண்டும் நிறுத்தின. பெரும் பொறியியல் வளமுள்ள நிறுவனத்துக்கே இந்த நிலை. கரை ஆலையில் ஓர் இயந்திரம் பழுதானால் பக்கத்துக்கு ஆளும் கருவியும் போகும். கடலில் எல்லாமே நெருக்கி அடுக்கப்பட்டிருக்கும், ஒன்று நின்றால் மற்றதும் நிற்கும்.

நமக்கு ஆகவும் நெருங்கிய முன்மாதிரி பிரெலூட்டோ துவாவோ அல்ல, டாங்கோ என்ற சிறிய மிதவை. ஆண்டுக்கு 5 இலட்சம் தொன் திறன். கொலம்பியாவுக்கென்று கட்டப்பட்டு, அங்கே திட்டம் கைவிடப்பட்டு, 2019இல் ஆர்ஜென்டினாவின் பாஹியா பிளாங்காத் துறைமுகத்துக்கு வந்தது. அந்நாட்டு அரச நிறுவனமான வை.பி.எஃப். பத்தாண்டு ஒப்பந்தம் செய்திருந்தது. ஒரு வருடத்துக்குள் உலகச் சந்தையில் விலை வீழ்ந்தது. ஒவ்வொரு சரக்கும் நட்டமாயிற்று. 2020இல் ஒப்பந்தத்தை முறித்த வை.பி.எஃப். 15 கோடி டொலர் இழப்பீடு கட்டச் சம்மதித்தது. கப்பல் பிறகு எனி நிறுவனத்தின் கைக்குப் போய் 2023இன் இறுதியில் கொங்கோக் கடலில் வேலை செய்யத் தொடங்கியது. நகரக்கூடியது என்ற நிறை யாருடைய நிறை என்பது இங்கேதான் வெளிப்படுகிறது. கப்பல்காரருக்கு அது காப்புறுதி; நாட்டுக்கு, போகும்போது பட்டியலை விட்டுவிட்டுப் போகும் விருந்தாளி. அந்நியச் செலாவணி நெருக்கடியில் தத்தளிக்கும் ஒரு நாடு அப்படியொரு கப்பலின் வாடகையை எந்த விலையிலும் கட்டுவதாகக் கையெழுத்திடுவது என்ன என்பதை 2022 ஏப்ரலில் கடன் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திய நமக்கு விளக்கத் தேவையில்லை. ஆர்ஜென்டினா 2025இல் மறுபடி மிதக்கும் ஆலைக்கு முதலீட்டு முடிவெடுத்திருக்கிறது, உண்மைதான். ஆனால் இப்போது அதன் பின்னால் வாகா முயேர்த்தா பாறைப்படுகையின் மிகப்பெரிய, பல ஆண்டுகளாக உற்பத்தி செய்து நிறுவப்பட்ட வாயு இருக்கிறது. வித்தியாசம் அதுதான்.

எண்களை ஒருமுறை எதிரெதிரே நிறுத்திப் பார்ப்போம். பத்து இலட்சம் தொன் திரவ வாயு என்றால் ஏறத்தாழ 48 பில்லியன் கன அடி வாயு. மலேசியாவின் சத்து அளவுள்ள ஆலை ஆண்டுக்கு 58 பில்லியன் விழுங்கும். குளிர்விக்கும் இயந்திரங்களுக்குத் தானே எரிப்பது பத்திலொரு பங்கு என்று வைத்தால் 64 பில்லியன். இருபது ஆண்டுக்கு 1.3 ட்ரில்லியன் தேவை. டொராடோ மட்டும் என்றால் ஐந்தாண்டில் தீர்ந்துவிடும். பராகுடா சொல்லப்படும் எல்லை வரை மெய்யானால்தான் கணக்கு ஒப்பேறும். டாங்கோ அளவுள்ள மிதவைக்கு டொராடோ பதினோராண்டு தாங்கும். கடன் கொடுப்பவர் கேட்கும் ஆயுளின் கீழ்விளிம்பு அது.

இனி இரண்டாவது கேள்வி, அதே வாயுவின் மாற்றுப் பயன். கெரவலப்பிட்டியவில் 300 மெகாவாட் யுகதனவியும் 350 மெகாவாட் சோபாதனவியும் நிற்கின்றன. இரண்டும் இயற்கை வாயுவுக்கு ஏற்ற ஒருங்கிணை சுழற்சி நிலையங்கள். வாயு இல்லாததால் எண்ணெயை எரித்துவருகின்றன. ஆண்டில் அறுபது சதவீதச் சுமையில் ஓட்டினால் இரண்டுக்கும் 23, 24 பில்லியன் கன அடி போதும். டொராடோவின் 300 பில்லியன், அதுவும் மெய்யானால், இந்த இரண்டுக்கும் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் வரும். ஆக டாங்கோவில் ஏற்றி விற்றாலும் கெரவலப்பிட்டியவில் எரித்தாலும் ஏறத்தாழ ஒரே காலத்துக்கு ஒரே வாயு. ஏற்றுமதியில் பத்திலொரு பங்கு குளிர்விப்பிலேயே கரைகிறது. அதன்மேல் ஆலை வாடகை. ஒரு மில்லியன் பி.ரி.யூ. வெப்ப அலகுக்கு மூன்று டொலர் வாடகை என்று மிதமாக வைத்துக்கொண்டாலும், இங்கே வாயுவை விற்று அங்கே டீசலை வாங்கும் நாடு இரண்டு பக்கமும் தரகு கொடுக்கிறது. வணிகத்தில் இதற்கு நியாயம் கற்பிக்க முடியாது என்பதில்லை. விலை உச்சத்தில் விற்று வீழ்ச்சியில் வாங்கலாம். 2020இன் நடுவில் ஆசியச் சந்தையில் 2 டொலர் அளவில் கிடந்த விலை 2022இல் 70 டொலரைத் தாண்டியது. அந்த அலையில் சவாரி செய்ய நிறுவன வலிமை வேண்டும். 2022இல் நாம் நிலக்கரிக் கப்பலுக்கே முன்பணம் தேடி அலைந்தோம்.

மிதக்கும் ஆலையை ஆதரிப்பவருக்கு ஒரு வலுவான பதில் உண்டு, அதை மறைக்கக்கூடாது: குழாய்க்கும் பணம் வேண்டும், வாங்குபவர் அரச மின்துறை ஒன்றே, அது ஒழுங்காகப் பணம் கட்டும் என்று எந்த முதலீட்டாளர் நம்புவார்? ஏற்றுமதியில் டொலர் நேராக வரும். இது பொறியியல் குறித்த பதில் அல்ல, நம்பகத்தன்மை குறித்தது, சரியான பதிலும்கூட. ஆனால் அது நிறுவுவது மிதக்கும் ஆலையின் மேன்மையை அல்ல, உள்நாட்டு வாயுச் சந்தையொன்று இல்லாமையை. நோயை ஒத்துக்கொண்டு மருந்தை வேறெங்கோ தேடுவது ஒத்திசைவான வாதமாகாது. குழாயே முடியாது என்ற துணைவாதமும் நிற்காது. அதே கிருஷ்ணா கோதாவரிப் படுகையில் 2020 டிசெம்பரில் இயங்கத் தொடங்கிய ஆர் கிளஸ்டர் வயல், 2,000 மீற்றரை ஒட்டிய ஆழத்திலிருந்து கடலடிக் குழாய்களால் ஏறத்தாழ 60 கிலோமீற்றர் தாண்டி ஏற்கெனவே இருந்த மேடைக்கு வாயுவை அனுப்புகிறது. மன்னாரில் அப்படியொரு மேடை இல்லை என்பது மெய்; தொழில்நுட்பம் இல்லை என்பது மெய்யல்ல.

விற்றே தீரவேண்டும் என்றாலும் வாங்குபவர் எதிர்க்கரையிலேயே இருக்கிறார். ராமநாதபுரம் தூத்துக்குடி வாயுக் குழாய் 2021 பெப்ரவரியில் திறக்கப்பட்டது. மன்னார் வளைகுடாவின் அந்தக் கரையில் குழாயும், உரம் முதல் மின்சாரம்வரை வாயுவுக்கு ஏங்கும் தொழில்களும் இருக்கின்றன. மீன்பிடிப் படகுகளைப் பற்றியே தீர்க்க முடியாத இரு அரசுகள் வாயுக் குழாய் பற்றிப் பேசுமா என்பது தனிக் கேள்வி. ஆயினும் மாற்றுகளை ஒப்பிடுவதாகச் சொல்லும் எந்த ஆய்வும் இந்த வழியைப் பட்டியலிலிருந்து நீக்க உரிமையற்றது. அரசியல் காரணத்தால் நீக்குவதானால் அதை அப்படியே எழுதிவிட்டு நீக்கட்டும்.

உர வாதத்தைச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடலாம். தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி கொண்டுவரும் கமக்காரரிடம் 2021இன் இரசாயன உரத் தடை பற்றிக் கேட்டால் மணிக்கணக்கில் பேசுவார். மன்னார் வாயுவில் யூரியா செய்யலாம் என்ற யோசனை அந்தக் காயத்திலிருந்தே ஊட்டம் பெறுகிறது. ஒரு தொன் யூரியாவுக்கு ஏறத்தாழ 25 மில்லியன் பி.ரி.யூ. வாயு போகும். நம் தேவை அளவுக்கான ஆலை உலக அளவில் சிறியது, ஆகவே தொன்னுக்கான செலவு கூடியது. சப்புகஸ்கந்தையில் நாஃப்தாவை நம்பி எழுந்த யூரியாத் தொழிற்சாலை 1980களிலேயே செலவு தாங்காமல் மூடப்பட்டதை நினைவுகூர்வது போதும்.

மூன்றாவது கேள்வியில், உரிமைகளைத் தீர்க்கும் மேசை குறித்த பதிவில், அரசுக்கு முழுத் தோல்வி மதிப்பெண் கொடுப்பது நியாயமாகாது. 2020இன் இயற்கை வாயுத் தேசியக் கொள்கையும் 2021ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பெற்றோலிய வளங்கள் சட்டமும் உருப்படியான வேலைகள். 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கிய செயலகத்தின் இடத்தில் பெற்றோலிய அபிவிருத்தி அதிகாரசபை வந்தது. தேடுதல் முதல் உற்பத்திவரை ஒரே ஒழுங்குமுறைக்குள் கொண்டுவரும் முயற்சி அது. சிக்கல் என்னவெனில், கடலில் வாயுவை எடுப்பவரை மேற்பார்க்கும் நிறுவனம் ஒன்று, கரையில் வாயுவை எரிக்கும் நிறுவனம் வேறொன்று, இடையில் விலைச் சூத்திரம் எதுவுமில்லை. மகாவலியில் நீர்ப்பாசனத்தையும் மின்சாரத்தையும் ஒரே மேசைக்கு இழுத்தது போன்ற ஓர் ஏற்பாடு வாயுவுக்கு அமையவில்லை.

அமையாததன் விளைவை 2021 செப்டெம்பரில் கண்டோம். மின்சார சபை மிதக்கும் இறக்குமதி முனையத்துக்கும் குழாய்க்கும் சர்வதேசக் கேள்விமனு கோரியிருந்தது. அது நடந்துகொண்டிருக்கையிலேயே, அமெரிக்காவின் நியூ ஃபோர்ட்ரஸ் எனர்ஜி நிறுவனத்தோடு அரசு நேரடியாக ஒப்பந்தம் செய்தது: யுகதனவியின் உரிமை நிறுவனத்தில் 40 சதவீதப் பங்கு, 25 கோடி டொலர், கூடவே வாயு வழங்கும் உரிமையும். அமைச்சரவைக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. உயர் நீதிமன்றில் மனுக்கள் தாக்கலாகித் தள்ளுபடியாயின. எதிர்த்த அமைச்சர்களில் இருவர் 2022 மார்ச்சில் பதவி நீக்கப்பட்டார்கள். முனையம் கட்டப்படவில்லை. ஒப்பந்தத்தின் ஒவ்வொரு விதியும் கெட்டது என்று நான் வாதிடவில்லை. அந்நேரத்தில் டொலர் முதலீடு நாட்டுக்குத் தேவைப்பட்டது. எரிபொருளை மாற்றும் நோக்கமும் சரியே. முறைதான் குற்றவாளி. போட்டி விலை தெரியுமுன் தனிப்பேச்சில் விலை தீர்மானித்தால், அது நல்ல விலையா என்பதை யாராலும் நிறுவ முடியாது, கையெழுத்திட்டவராலும் முடியாது.

இதற்கு முன்னும் 2018இல் இந்தியாவோடும் ஜப்பானோடும் கொழும்புப் பக்கம் ஒரு முனையம் பற்றிப் பேசினோம். பின்னர் கொச்சியிலிருந்து கொள்கலன்களில் சோபாதனவிக்குத் திரவ வாயு கொண்டுவருவது பற்றிப் பேசினோம். ஒவ்வொரு யோசனையும் தனித்துப் பார்த்தால் பாதகமில்லை. வரிசையாகப் பார்த்தால், ஒன்றின் ஆய்வு மற்றதற்கு அடித்தளமாகவில்லை. ஒவ்வொரு அரசும் புதிதாகத் தொடங்கியது. இறக்குமதிக் கப்பலுக்கே ஒரு நடைமுறையைக் கடைசிவரை கொண்டுபோக முடியாத நிர்வாகம், அதைவிடப் பன்மடங்கு சிக்கலான உற்பத்தி ஆலைக்கு இருபதாண்டு ஒப்பந்தம் பேசினால் எதிர்த்தரப்பு எவ்வளவு எளிதாக வெல்லும் என்பதை ஊகிக்கலாம். கோரல் சூலுக்கு ஏறத்தாழ 700 கோடி டொலர் செலவானது. அந்த அளவிலான பேச்சுவார்த்தையில் தகவல் யாரிடம் இருக்கிறதோ அவரே விலையை வைப்பார். நம் வாயுவின் அளவு நமக்கே தெரியாதபோது, அந்தத் தகவல் நம்மிடம் இல்லை.

சுற்றுச்சூழல் பற்றி ஒரு வார்த்தை. கற்பிட்டிக் கடலில் பார் ரீஃப் பவளத் திட்டு 1992 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதி. திமிங்கிலங்களும் டொல்பின்களும் அங்கே சுற்றுலா வருமானம். ஆழ்கடலில் நிற்கும் ஆலை பவளத்தை நேராகத் தொடாது, குழாய் தொடக்கூடும். இந்த ஓர் அம்சத்தில் மிதக்கும் ஆலைக்கே மதிப்பெண்.

ஆகவே, தீர்ப்பு. மிதக்கும் திரவமாக்கல் இயங்கிக் காட்டிய தொழில்நுட்பம். மன்னாரின் ஆழம் அதற்குப் பிரச்சினையல்ல. பெரியதும் ஒதுங்கிக் கிடப்பதும் வேறு சந்தையற்றதுமான வயலுக்கு அது மிகச் சிறந்த தீர்வு. கோரல் சூல் அத்தகைய வயலில் நிற்கிறது. மன்னார் வயல் பெரியது என்று நிறுவப்படவில்லை. அது ஒதுங்கியும் கிடக்கவில்லை. ஒரு பக்கம் வாயுவுக்காகவே கட்டிய மின்நிலையங்கள், மறுபக்கம் இந்தியக் குழாய்வலை. எனவே இலங்கைக்கு இது இன்று ஒரு வாய்ப்பு அல்ல. பராகுடா சொல்லப்படும் அளவின் உச்சத்தில் மெய்யானால், மின்நிலையங்களின் பங்கைப் பிரித்து வைத்த பிறகு, உபரிக்கு மட்டும் எழக்கூடிய இரண்டாம் கட்டத் தேர்வு. அதை முதற்கட்டத் திட்டமாக முன்வைக்கும் எந்த அறிக்கையையும் நிராகரிப்பேன்.

மாத்தளைக்கு இதில் என்ன என்று ஒருவர் கேட்கலாம். மழை பொய்க்கும் ஆண்டுகளில் மின்துறை நீரைத் தேடுகிறது. எண்ணெய் மின்சாரத்தின் விலை கூடக்கூட, வயலுக்கு விடவேண்டிய நீரை டர்பைனுக்கு விடச் சொல்லும் அழுத்தமும் கூடும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம்வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டபோது மகாவலி நீரைப் பங்கிடும் அந்த மேசையில் பேச்சு எப்படி இருந்திருக்கும் என்பதைக் கற்பனை செய்வது கடினமல்ல. கெரவலப்பிட்டியவின் 650 மெகாவாட்டுக்கு நிலையான விலையில் உள்நாட்டு வாயு கிடைத்தால், கலாவெவப் பக்கம் திறக்கும் கதவைப் பற்றிய வாக்குவாதம் சற்றுத் தணியும். ஏற்றுமதியால் வரும் டொலர் திறைசேரிக்குப் போகும். அதனால் அந்தத் தணிவு வராது. ஏற்றுமதி வாதத்தை எழுதுபவர்கள் இந்த இழப்பை எந்தப் பத்தியிலும் கணக்கிட்டு நான் பார்த்ததில்லை.

அடுத்த உரிமச் சுற்று வரும்போது கேள்விமனு ஆவணத்தைப் பிரித்துப் பார்க்கும் வாசகர், உற்பத்தி ஆலை பற்றிய அத்தியாயத்துக்கு முன் குறைந்தபட்ச வேலைக் கடப்பாடு என்ற பகுதியைத் தேட வேண்டும். டொராடோவிலும் பராகுடாவிலும் மதிப்பீட்டுக் கிணறுகள் முதற்கட்டத்திலேயே கட்டாயமாக்கப்பட்டுள்ளனவா, அவற்றின் ஓட்டச் சோதனை முடிவுகள் அதிகாரசபைக்கு முழுமையாக வந்துசேருமா, மின்நிலையங்களுக்கான விலைச் சூத்திரம் இணைப்பில் உள்ளதா என்று பார்த்துவிட்டு, மூன்றுக்கும் பதில் இருந்தால் மட்டும் கப்பல் பற்றிய பக்கங்களுக்குப் போகலாம்.